கம்பெனியாகப் பதிவான பல்கலைக்கழகம்

1953 மே மாதம் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகம் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவாயிற்று. ரப்பர் வியாபாரிகளும் அரிசி மொத்த வணிகர்களும் தங்கள் நிறுவனங்களைப் பதிந்துகொண்ட அதே சட்டத்தின்கீழ் ‘நன்யாங் பல்கலைக்கழகம் லிமிடெட்’ என்ற பெயரும் ஏறியது. அதை நிறுவியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. பணம் வரத் தொடங்கியிருந்தது, ஜூரோங்கில் நிலம் கிடைத்துவிட்டது, படிக்கப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். பட்டம் கொடுக்கும் உரிமையைத் தரும் சாசனம் மட்டும் கிடைக்கவில்லை. அதைத் தரக்கூடிய பிரிட்டிஷ் காலனி அரசு, தீவில் ஏற்கெனவே ஒரு பல்கலைக்கழகம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்டது.

சிறுபான்மையோ பெரும்பான்மையோ, ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகத் தானே கட்டும் கல்லூரி எதனால் நிற்கிறது, எதனால் கரைகிறது என்ற கேள்விக்கு ஜூரோங்கைப்போல் விரிவாக விடை சொல்லும் இடம் நம் வட்டாரத்தில் வேறில்லை. அந்தக் கதையைத் தனியாகச் சொல்லாமல், நியூயார்க் யூதர்கள் தங்களுக்கென ஒரு இளநிலைக் கல்லூரி கட்டிய கதையோடும், சிங்கப்பூரில் யூதர்களும் தமிழர்களும் உயர்கல்விக்காகச் செய்த காரியங்களோடும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதி திரட்டுவதில் எந்தச் சமூகமும் தோற்றதில்லை. பட்டத்துக்கு மதிப்புக் கொடுப்பது யார், எப்போது கொடுக்கிறார்கள் என்பதிலும், கல்லூரிக்குக் கீழே இருக்கும் பள்ளிகள் உயிரோடு இருக்கின்றனவா என்பதிலும்தான் விதி முடிவாகிறது.

நன்யாங் பல்கலைக்கழகத்தின் தேவை 1949-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். அதுவரை சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சீனமொழிப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகள் மேல்படிப்புக்குச் சீனாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவசரகாலச் சட்டங்கள் நடப்பிலிருந்த மலாயாவில், சிவப்புச் சீனாவுக்குப் போய்ப் படித்தவர் திரும்பி வருவதற்குக் கதவு அடைக்கப்பட்டது. அதே 1949 அக்டோபரில் சிங்கப்பூரின் புக்கித் தீமாவில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. அங்கே எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. சீனமொழிப் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு படித்தவனுக்கு அங்கே இடமில்லை. சீனமொழிப் பள்ளிகளுக்கும் ஆசிரியர் பஞ்சம்; முன்பு சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஆசிரியர்களும் நின்றுபோனார்கள்.

1953 ஜனவரியில் ஹொக்கியன் சங்கத்தின் கூட்டத்தில் அதன் தலைவர் டான் லார்க் சாய் எழுந்து, நமக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்றார். தன் பங்காக 50 லட்சம் வெள்ளி தருவதாகவும் சொன்னார். ஃபூஜியனின் ஜிமேய் கிராமத்தில் பிறந்து, சிங்கப்பூரில் டான் கா கீயின் ரப்பர் நிறுவனத்தில் வேலை பார்த்து, பிறகு தனித் தொழில் தொடங்கிக் கோடீஸ்வரரானவர் அவர். அவருடைய பழைய முதலாளி டான் கா கீயோ 1921-லேயே சிங்கப்பூரில் சம்பாதித்த பணத்தில் சீனாவில் அமோய் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். ஆகவே பல்கலைக்கழகம் கட்டுவது அவர்களுக்குப் புதிய கனவில்லை. இந்த முறை அது தாங்கள் வாழும் மண்ணிலேயே கட்டப்பட வேண்டும் என்பதுதான் புதிது. ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கொடுத்தது. அன்றைய ஜூரோங்கை இன்றைய ஜூரோங்காக நினைத்துக்கொள்ளக் கூடாது. தொழிற்பேட்டை வருவதற்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. ரப்பர் தோட்டமும் சதுப்பும் மேடும் பள்ளமுமாகக் கிடந்த நாட்டுப்புறம் அது. 1953 ஜூலையில் அங்கே நிலத்தைச் சமன்செய்யும் வேலை தொடங்கியது.

பிறகு நடந்த நிதி திரட்டலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. செல்வந்தர்கள் கொடுத்தார்கள் என்பதில் வியப்பில்லை. 1954 ஏப்ரலில் சிங்கப்பூரின் திரிஷா ஓட்டிகள் 1,500 பேருக்கு மேல் ஒரு நாள் வண்டி மிதித்துக் கிடைத்த வருமானம் முழுவதையும் பல்கலைக்கழக நிதிக்குத் தந்தார்கள். 20,000 வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. ஏறியவர்கள் வழக்கமான கூலியைவிட அதிகமாகக் கொடுத்திருந்தால்தான் அவ்வளவு சேர்ந்திருக்க முடியும். டாக்சி ஓட்டுநர்கள் தங்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். முடிதிருத்துபவர்கள் கொடுத்தார்கள். இரவு விடுதிகளில் வாடிக்கையாளரோடு ஆடிப் பிழைத்த பெண்கள் ஓர் இரவு ஆடிய வருமானத்தை அப்படியே தந்தார்கள். இவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கள் பிள்ளைகள் அந்தக் கல்லூரி வாசலை மிதிப்பார்கள் என்ற உறுதியும் அவர்களுக்கு இருந்திருக்காது. சமூகத்தின் கல்லூரி என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் எனக்குத் தெரியவில்லை.

முதல் வேந்தராக அமெரிக்காவிலிருந்து வந்தவர் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் லின் யூ தாங். 1954 அக்டோபரில் வந்தார். 1955 ஏப்ரலில் தன்னோடு வந்த பேராசிரியர்களையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். முதல்தரப் பல்கலைக்கழகத்துக்கான பெருஞ்செலவும் முழு அதிகாரமும் அவர் கேட்டார். வியாபாரிகள் சிக்கனமாகத் தொடங்கி வளர்க்கலாம் என்றார்கள். விலகியவர்களுக்குக் கொடுத்த இழப்பீடு 3 லட்சம் வெள்ளியைத் தாண்டியது. திரிஷா ஓட்டிகளின் காசில் அதைக் கொடுக்க மனமில்லாமல் டான் லார்க் சாய் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். 1956 மார்ச்சில் கலை, அறிவியல், வணிகவியல் துறைகளில் வகுப்புகள் தொடங்கின. 1958 மார்ச் 30-இல் ஆளுநர் வில்லியம் குட் கலந்துகொண்ட திறப்பு விழாவுக்கு நகரிலிருந்து கிளம்பிய கார்கள் ஜூரோங் சாலையில் மைல்கணக்கில் நின்றன. விருந்தினர் பலர் இறங்கி நடந்தே போனார்கள்.

இப்போது நியூயார்க்குக்குப் போவோம். அங்கே கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய ஏழை யூதர்கள் 1886-இல் எட்ஸ் ஹாயிம் என்ற சிறிய சமயப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1896-இல் அதே வட்டாரத்தில் ரபி ஐசக் எல்ஹனானின் பெயரில் சமயக் குருமார்களுக்கான உயர்பள்ளி வந்தது. 1915-இல் இரண்டும் இணைந்தபோது தலைமைக்கு வந்தவர் லித்துவேனியாவில் பிறந்த பெர்னார்டு ரெவல். காலையில் தோரா, தல்மூது ஆகிய யூதச் சமய நூல்களும், பிற்பகலில் இயற்பியலும் வரலாறும் ஆங்கில இலக்கியமும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். யூதர்களிலேயே இரு தரப்பும் எதிர்த்தன. அமெரிக்க வாழ்க்கையில் கலந்துவிட்ட வசதியானவர்கள், நம் பிள்ளைகளை நாமே தனியாக அடைத்துவைப்பதா என்றார்கள். பழமையில் ஊறியவர்களோ, கல்லூரிப் படிப்பு வந்தால் சமயம் போய்விடும் என்று பயந்தார்கள். 50 லட்சம் டாலர் இலக்கு வைத்து நிதி திரட்டினார்கள். 1928-இல் நியூயார்க் மாநிலத்தின் கல்வி வாரியம் பட்டம் வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. யெஷிவா கல்லூரி பிறந்தது. மறு ஆண்டே அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடத் திண்டாடிய காலத்தில், 1932-இல் முதல் மாணவர் அணி பட்டம் பெற்றது. 1945-இல் அது பல்கலைக்கழகமாயிற்று. 1954-இல் பெண்களுக்கான ஸ்டெர்ன் கல்லூரியும் வந்தது. சிங்கப்பூரில் திரிஷா ஓட்டிகள் நன்யாங்குக்காக வண்டி மிதித்த அதே ஆண்டு அது.

அந்தக் காலத்தில் அமெரிக்கப் பெருங்கல்லூரிகள் யூத மாணவர்களைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தன. ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் லோவெல் 1922-இல் யூத மாணவர் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைக்கலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த அவமானத்துக்குக் கிடைத்த இன்னொரு பதில் 1948-இல் மாசசூசெட்ஸின் வால்தமில் திறக்கப்பட்ட பிராண்டைஸ் பல்கலைக்கழகம். நலிந்துபோன மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தின் வளாகத்தோடு அதன் சாசனத்தையும் யூதக் குழுவொன்று பெற்றுக்கொண்டது. முதல் ஆண்டில் 107 மாணவர்கள். யூதர்கள் பணம் போட்டு நடத்தினாலும் எந்த இனத்தவரும் எந்தச் சமயத்தவரும் சேரலாம் என்பது அதன் அடிப்படை விதி.

இங்கேதான் ஜூரோங்கின் குறை தெளிவாகத் தெரிகிறது. பிராண்டைஸுக்கு ஒரு பழைய சாசனம் கைமாறிக் கிடைத்தது. யெஷிவாவுக்கு, பட்டம் வழங்கும் அதிகாரம் கல்லூரி தொடங்கும்போதே கிடைத்தது. இரண்டும் நாட்டில் வேலை கிடைக்கும் மொழியிலேயே பாடம் நடத்தின. நன்யாங்குக்கு வெறும் கம்பெனிப் பதிவுதான் கிடைத்தது. அது நடத்திய பாடமும் ஆட்சியாளர்களின் மொழியில் இல்லை. சீனர்கள் தீவின் மக்கள்தொகையில் முக்கால் பங்கு. நியூயார்க் யூதர்களோ சிறுபான்மையினர். எண்ணிக்கை பெரிதாக இருந்தும் சாசனம் கிடைக்கவில்லை. சொல்லப்போனால் எண்ணிக்கை பெரிது என்பதே காலனி அரசை அஞ்சவைத்தது.

சிங்கப்பூரிலும் யூதர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். தேக்கா சந்தையிலிருந்து சிலிகி சாலைப் பக்கம் நடந்தால் மூலையில் 1924-இல் கட்டிய எல்லிசன் கட்டடம் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் முகப்பில் தாவீதின் ஆறுமுனை நட்சத்திரம் தெரியும். லிட்டில் இந்தியாவுக்கு வருகிற நாம் தினமும் அதைக் கடந்துதான் போகிறோம். பாக்தாதிலிருந்து கல்கத்தா வழியாக வந்த யூதக் குடும்பங்கள் மிடில் ரோடு, வாட்டர்லூ ஸ்திரீட் பகுதியில் குடியிருந்தன. வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878-இல் திறந்த மகாயின் அபோத் ஜெப ஆலயமும், ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும், குவான் இம் கோயிலும் ஒரே தெருவில் இருக்கின்றன.

அந்தச் சமூகத்தின் பெரும் செல்வந்தர் மனாசே மேயர். 1905-இல் ஆக்ஸ்லி ரைஸில் செசட் எல் ஜெப ஆலயத்தைத் தன் செலவில் கட்டியவர். 1922 நவம்பரில் ஜப்பானுக்குப் போகும் வழியில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் சிங்கப்பூரில் இறங்கினார். எருசலேமில் அமையவிருந்த ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்கு மேயரிடம் நிதி கேட்கும்படி சயோனியத் தலைவர் வைஸ்மன் அவரைத் தூண்டியிருந்தார். மேயரின் மாளிகையில் வரவேற்பு நடந்தது. அவருடைய செல்வத்தைக் கண்டு, பழங்கதைகளின் பெருஞ்செல்வன் க்ரோயசஸோடு அவரை ஒப்பிட்டு ஐன்ஸ்டைன் நாட்குறிப்பில் எழுதினார். 1925-இல் ஸ்கோபஸ் மலையில் திறக்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் நிதி வரலாற்றில் நம் ஊருக்கும் ஒரு வரி உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

உள்ளூரில் மேயர் செய்தது வேறு. தன் சமூகத்துக்கென்று தனிக் கல்லூரி கட்ட அவர் நினைக்கவில்லை. அவ்வளவு சிறிய சமூகத்துக்கு அது கட்டுப்படியும் ஆகாது. 1928-இல் வகுப்புகள் தொடங்கிய ராஃபிள்ஸ் கல்லூரிக்கு 1,50,000 வெள்ளி கொடுத்தார். அவருடைய பெயர் தாங்கிய கட்டடம் புக்கித் தீமா வளாகத்தில் இன்றும் இருக்கிறது. எல்லா இனப் பிள்ளைகளும் படித்த கல்லூரி அது. 1949-இல் அதுவும் மன்னர் எட்வர்டு மருத்துவக் கல்லூரியும் இணைந்துதான் மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின.

இன்னொரு யூதர் நன்யாங் கதையில் நேரடியாகவே வருகிறார். நன்யாங்கின் வகுப்புகள் தொடங்கிய காலத்தில், 1955 ஏப்ரல் முதல் 1956 ஜூன் வரை, சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக இருந்தவர் டேவிட் மார்ஷல். அவர் பதவிக்கு வந்த மறு மாதமே ஹொக் லீ பேருந்துக் கலவரம் வெடித்தது. சீனமொழிப் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். சீனக் கல்வி பற்றி ஆராய அவருடைய அரசு எல்லாக் கட்சிகளையும் சேர்த்து ஒரு குழுவை அமைத்தது. 1956 பிப்ரவரியில் வந்த அதன் அறிக்கை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிங்கப்பூரில் தமிழுக்கு இன்றுள்ள அதிகாரபூர்வ இடத்தின் வேர்களில் ஒன்று அந்த அறிக்கையில் இருக்கிறது. சீனப் பள்ளி மாணவர்களின் போராட்டம் கதவைத் தட்டியது; அதே கதவு வழியாகத் தமிழ்ப் பள்ளிகளும் உள்ளே வந்தன. தமிழ்க் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைக் கூடுதலாக அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பள்ளிகளுக்குச் சமத்துவம் கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் கிடைக்க இன்னும் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று. 1959 மார்ச்சில் நன்யாங் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறி, கம்பெனி என்ற நிலை முடிந்தது. ஆனால் அதே ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பிரெஸ்காட் தலைமையிலான ஆணைக்குழு, இந்தப் பட்டங்களை மற்றப் பல்கலைக்கழகப் பட்டங்களுக்குச் சமமாக ஏற்கப் பரிந்துரைக்க முடியாது என்று அறிக்கை கொடுத்தது. நூலகம் போதாது, ஆசிரியர் நியமனம் சரியில்லை, நிர்வாகம் வியாபாரிகள் கையில் இருக்கிறது என்பவை அதன் குறைகள். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் மூன்று வயதுப் பல்கலைக்கழகத்தை மூத்த பல்கலைக்கழகங்களின் அளவுகோலால் அளந்தது நியாயமில்லை. 1960 ஏப்ரலில் முதல் அணியாக 400-க்கும் மேற்பட்டோர் பட்டம் வாங்கியபோது, அவர்கள் கையிலிருந்த தாளுக்கு உள்ளூர் அரசு அலுவலகத்தில் முழு மதிப்பு இல்லை. வியப்பு என்னவென்றால், அதே தாளைக் காட்டி அவர்களில் பலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டப் படிப்புக்குச் சேர்ந்தார்கள்.

நடுவில் அரசியல் புகுந்தது. நன்யாங் மாணவர்களில் இடதுசாரிகள் வலுவாக இருந்தார்கள். 1963 செப்டம்பர் தேர்தலில் டான் லார்க் சாய் எதிர்க்கட்சியான பாரிசான் சோசியாலிஸின் சார்பில் நின்ற நன்யாங் பட்டதாரிகளை ஆதரித்தார். மக்கள் செயல் கட்சி வென்ற மறுநாளே அவருடைய குடியுரிமையைப் பறிக்கும் நடவடிக்கை தொடங்கியது. 1964-இல் வளாகத்தில் மாணவர்கள் கைதானார்கள். 1965-இல் பேராசிரியர் வாங் குங்வூ தலைமையிலான பாடத்திட்டக் குழுவின் பரிந்துரைகளை எதிர்த்து மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். ஒருவழியாக 1968-இல் அரசு பட்டங்களை அங்கீகரித்தது. முதல் அணி வெளியேறி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த எட்டு ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் குறைந்த சம்பளத்திலும் கிடைத்த வேலையிலும் வாழ்க்கையைத் தொடங்கியிருந்தார்கள். யாரும் அதைப் பிறகு ஈடுகட்டவில்லை.

நன்யாங்கைக் கொன்றது அரசியலா, காலமா என்று பழைய மாணவர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. நான் இரண்டையும் சொல்வேன். ஆனால் வேர் காய்ந்தது பள்ளிகளில். 1959-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய 46 விழுக்காட்டினர் சீனமொழிப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். 1978-இல் அது 11 விழுக்காடு. பெற்றோர் அரசாணைக்குப் பயந்து பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஜூரோங் தொழிற்பேட்டையில் வந்திறங்கிய அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்கள் எந்த மொழியில் வேலை கொடுத்தன என்பதைப் பார்த்து அனுப்பினார்கள். பட்டத்துக்கு அங்கீகாரம் தாமதமானது அந்தக் கணக்கை இன்னும் விரைவாக்கியது. மூத்தவன் நன்யாங்கில் படித்துக் குறைந்த சம்பளம் வாங்குவதைக் கண்ட தாய், இளையவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பாள்? 1975-இல் நன்யாங்கிலேயே பயிற்றுமொழி ஆங்கிலமாக மாறியது. 1978-இல் மாணவர்கள் புக்கித் தீமாவில், 1962-இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்திருந்த சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு வளாகத்தில் படித்தார்கள். 1980 ஆகஸ்டில் இரண்டும் இணைந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. நன்யாங் மொத்தம் ஏறத்தாழ 12,000 பட்டதாரிகளை உருவாக்கியிருந்தது. டான் லார்க் சாய் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1972-இல், குடியுரிமை இல்லாதவராகவே இறந்துபோயிருந்தார்.

எல்லை தாண்டியும் இதே பாடம் நடந்தது. மலேசியச் சீனர்கள் 1968-இல் மெர்டேக்கா பல்கலைக்கழகம் என்று ஒன்றைத் திட்டமிட்டு நிதி திரட்டினார்கள். அரசு அனுமதி மறுத்தது. வழக்குப் போட்டார்கள், 1982-இல் கூட்டரசு நீதிமன்றத்திலும் தோற்றார்கள். அங்கேயும் குறைவாக இருந்தது சாசனம்தான். அதே மலேசியாவில் 2001-இல் கெடாவில் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மலேசிய இந்தியர் காங்கிரஸின் முயற்சியில் எழுந்தது. ஆளும் கூட்டணியில் இருந்த கட்சி என்பதால் அனுமதி கிடைத்தது, மருத்துவம் கற்பிக்கிறது, பாடம் ஆங்கிலத்தில். ஏழைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பு எட்ட வேண்டும் என்ற நோக்கத்தை நான் மதிக்கிறேன். தமிழில் உயர்கல்வி என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

சிங்கப்பூர்த் தமிழர்களின் பதில் 1950-களில் வேறு வடிவில் வந்தது. அன்றைய தமிழர்களில் பெரும்பாலோர் துறைமுகத்திலும் நகராட்சியிலும் கூலி வேலை பார்த்தவர்கள். தனிக் கல்லூரி என்ற பேச்சுக்கே இடமில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்கும் திட்டம் வந்தபோது, அதில் முதலிடம் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற கேள்வி எழுந்தது. திருவாரூரில் பிறந்து, 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அந்தக் கேள்வியை நாளேட்டின் வழியாக ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் கொண்டுபோனார். இங்கே வாழும் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், ஆகவே தமிழே முதன்மை பெற வேண்டும் என்று வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்பதே வேண்டுகோள். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைக்க அந்தப் பணம் போயிற்று. 1956-இல் இந்தியவியல் துறை தொடங்கியபோது தமிழே அதன் முதன்மை மொழி ஆனது. ஒரு வெள்ளி என்பது கூலித் தொழிலாளிக்கு அன்று சின்னத் தொகை கிடையாது. திரிஷா ஓட்டிகளின் ஒரு நாள் வருமானத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டிய கொடை அது.

சாரங்கபாணியின் வழி மேயரின் வழியை ஒத்தது. இருக்கும் பல்கலைக்கழகத்துக்குள் தமிழுக்கு ஓர் இடம் பிடித்தால், சாசனமும் அங்கீகாரமும் தாமாகவே கிடைத்துவிடும். ஆனால் இதிலும் ஓர் ஆபத்து இருந்தது. பல்கலைக்கழகம் எங்கே போகிறதோ அங்கே துறையும் போகும். 1962-இல் மலாயாப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் தனித்தனியாகப் பிரிந்தபோது இந்தியவியல் துறை கோலாலம்பூரில் இருந்தது. அங்கே தனிநாயகம் அடிகளின் தலைமையில் அது செழித்தது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. உலகத் தமிழுக்கு அது பெரும் லாபம். சிங்கப்பூருக்கு இழப்பு. தீவின் தமிழ்ப் பிள்ளைக்கு உள்ளூரிலேயே தமிழில் இளநிலைப் பட்டம் படிக்க வழி பல பத்தாண்டுகளுக்கு அடைபட்டது.

உயர்கல்விக்குக் கீழே இருந்த தமிழ்ப் பள்ளிகளும் சீனப் பள்ளிகளின் வழியிலேயே போயின, அவற்றைவிட வேகமாக. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1960-இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி அது. மாணவர் எண்ணிக்கை கரைந்து 1982-இல் மூடப்பட்டது. நன்யாங் மறைந்த இரண்டே ஆண்டில் தமிழ்வழிக் கல்வியும் முடிந்தது. அந்தப் பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் இன்றும் இயங்குகிறது. ஆனால் அங்கே தமிழ் ஒரு பாடம், பயிற்றுமொழி கிடையாது. பட்டப்படிப்பு என்று பார்த்தால், 2006-இல் சிம் பல்கலைக்கழகம் தொடங்கிய தமிழ்மொழி, இலக்கிய இளங்கலைப் படிப்புதான் திருப்புமுனை. இப்போது அது சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்கிறது. படிக்க வருபவர்களில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புக்கு வரும் ஆசிரியர்களும் உண்டு.

ஜூரோங் வளாகத்துக்கு வருவோம். 1981-இல் அங்கே பொறியாளர்களை உருவாக்க நன்யாங் தொழில்நுட்பக் கழகம் நிறுவப்பட்டது. 1991-இல் அது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. 1996-இல் பழைய நன்யாங் பட்டதாரிகளின் பதிவேடு அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய நிர்வாகக் கட்டடம் மேட்டின்மீது, ஓடு வேய்ந்த சீனக் கூரையோடு அப்படியே இருக்கிறது. 1995 முதல் அதில் சீன மரபுடைமை நிலையம் இயங்குகிறது. அதன் எதிரே யுன்னான் தோட்டத்தில் ஒரு நுழைவாயில் வளைவு இருக்கும். அது 1990-களில் கட்டிய நகல். மூல வளைவைப் பார்க்க விரும்புகிறவர் வளாகத்தை விட்டு வெளியே வர வேண்டும். ஜூரோங் வெஸ்ட் ஸ்திரீட் 93-இல், வீவக புளோக்குகளுக்கு நடுவே சிறு பூங்காவில் மூன்று வாசலோடு அது நிற்கிறது. வாசலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே விரைவுச்சாலை போகிறது. நெற்றியில் நான்கு சீன எழுத்துகள். காலையில் அதன் அடியில் முதியவர்கள் உடற்பயிற்சி செய்கிறார்கள். 1998-இல் வளைவும் நிர்வாகக் கட்டடமும் நினைவுச்சின்னமும் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

அந்த வளாகத்தின் இன்னொரு பக்கத்தில் தேசியக் கல்விக் கழகம் இருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கான தமிழாசிரியர்கள் அங்கேதான் பயிற்சி பெறுகிறார்கள். ஹொக்கியன் சங்கம் கொடுத்த மண்ணில் இன்று தமிழ் கற்பிக்கக் கற்றுத்தரப்படுகிறது என்பது எனக்கு நிறைவளிக்கும் செய்தி.

நன்யாங் பட்டதாரிகள் தங்கள் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைத் தாங்களே எழுதினார்கள். நிதி கொடுத்தவர்களின் பட்டியல், மாணவர் இதழ்கள், புகைப்படங்கள், நேர்காணல்கள் என்று அள்ளிச் சேர்த்திருக்கிறார்கள். யெஷிவா கல்லூரியின் வரலாறும் அப்படியே நூல்களாகக் கிடைக்கிறது. ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கு அந்த அளவில் ஒரு முழு வரலாறு வர வேண்டும். எந்தத் தோட்டத்தில், எந்தத் துறைமுக வரிசை வீட்டில், யார் யார் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள் என்று பெயரோடு சொல்ல வேண்டும். அந்தத் தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் இன்று எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தக் காலத்து நன்கொடை ரசீதோ, கூட்ட அறிவிப்போ, உமறுப் புலவர் பள்ளிச் சான்றிதழோ, ஒரு புகைப்படமோ இருந்தால் தேசிய நூலகத்திடமோ தேசிய ஆவணக் காப்பகத்திடமோ கொடுங்கள். தாத்தாவோ பாட்டியோ அந்த நாட்களைப் பற்றிப் பேசினால் கைப்பேசியில் பதிவு செய்துவையுங்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.